பொறுமையும் ஒரு தொழில்திறனே



பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மகளோ, மருமகளோ, மனைவியோ மருத்துவமனையில் செவிலியராகவோ பள்ளியில் ஆசிரியையாகவோ பணியாற்றுகிறார். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விடியற்காலையில் பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தில் இவர்களைப் பார்க்கலாம். 2001ஆம் ஆண்டு கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலிலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகும் கூட்டம் பெருகியது. அதிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

இவர்களைப் பற்றி நாம் இரண்டு விதமாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். ஒன்று, “அவளுக்குப் பிறவியிலேயே பொறுமை அதிகம், அதனால்தான் இந்த வேலை ஒத்துப்போகிறது” என்பது. மற்றது, “ஊரார் பிள்ளைகளிடமெல்லாம் சிரித்துப் பேசுகிறாள், வீட்டுக்கு வந்தால் எரிந்து விழுகிறாள்” என்பது. முன்னது பாராட்டு, பின்னது குறை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம்தான். பொறுமை என்பது இயற்கைக் குணம், அதற்கு உழைப்பு தேவையில்லை, அது தீர்ந்துபோகாது என்ற எண்ணம் அது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நகரில் முதலில் வார்டுச் செவிலியராகவும், பின்னர் செவிலியர் மாணவியருக்குப் பாடம் சொல்லும் சிஸ்டர் டியூட்டராகவும் வேலை செய்தவள் நான். செவிலியம், ஆசிரியம் என்ற இரண்டு தொழிலின் உப்பையும் தின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: பொறுமை ஒரு தொழில்திறன். ஊசி போடக் கற்பதுபோல், கரும்பலகையில் வரைபடம் போடக் கற்பதுபோல் அதையும் கற்கலாம். அதைச் செலவிடும்போது உடலும் மனமும் களைக்கும். இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

உணர்வுத் திறன் என்பது என்ன?

பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1990இல் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இதை உலகெங்கும் பேச்சுப் பொருளாக்கியது. அறிவுக்கூர்மையை விட இதுவே வாழ்க்கையில் பெரிது என்ற அளவுக்குச் சிலர் மிகைப்படுத்தியதும் உண்டு. மிகையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் எஞ்சுபவை நான்கு திறன்கள்.

முதலாவது, எதிரில் இருப்பவரின் உணர்வை முகத்திலும் குரலிலும் கண்டுகொள்வது. “ஒன்றுமில்லை சிஸ்டர்” என்று நோயாளி சொல்லும்போது, அந்த ஒன்றுமில்லைக்குள் என்ன இருக்கிறது என்று அறிவது. இரண்டாவது, மனநிலைக்கு ஏற்ற வேலையைத் தேர்ந்துகொள்வது. மதிய உணவுக்குப் பின் சோர்ந்திருக்கும் வகுப்பில் புதிய கணக்கைத் தொடங்காமல் வாய்விட்டுப் படிக்க வைக்கும் ஆசிரியைக்கு இது தெரியும். மூன்றாவது, ஓர் உணர்வு எங்கிருந்து வந்தது, எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது. அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே சத்தம் போடும் தகப்பனாரின் கோபம் பெரும்பாலும் பயத்தின் மாற்றுருவம். நான்காவது, தன் உணர்வையும் பிறர் உணர்வையும் நெறிப்படுத்துவது. இதில் எல்லோருக்கும் கடினமானது நான்காவதுதான்.

வேலையின் தரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

“அன்பாகப் பேசினால் நல்லதுதான், ஆனால் வேலை சரியாக நடந்தால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் தொழில்களில் பேச்சும் வேலையும் தனித்தனி அல்ல. ஒரு முறை அதட்டு வாங்கிய நோயாளி, இரண்டாம் முறை மணியடிக்கத் தயங்குவார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கட்டில் ஈரம் கசிவதை இரவு பதினொரு மணிக்குச் சொல்ல வேண்டியவர், விடியட்டும் என்று காத்திருப்பார். அந்த ஆறு மணி நேரத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். வகுப்பறையிலும் இதே கதைதான். “இது கூடவா தெரியாது?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்ட பிள்ளை அடுத்த சந்தேகத்தைக் கேட்காது. கேட்காத சந்தேகம் பரீட்சைத் தாளில் வந்து நிற்கும்.

ஆராய்ச்சியும் இதையொட்டியே பேசுகிறது. 2010இல் டானா ஜோசஃப், டேனியல் நியூமன் என்ற இருவர் அதுவரை வெளிவந்த பல ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். உணர்வைக் கையாளுவதே வேலையின் பெரும்பகுதியாக இருக்கும் தொழில்களில், இத்திறன் மிகுந்தவர்கள் வேலையையும் நன்றாகச் செய்தார்கள். மனிதரோடு அதிகம் பழகத் தேவையில்லாத வேலைகளில் அந்தப் பயன் காணப்படவில்லை. எல்லாருக்கும் எல்லா இடத்திலும் பயன்படும் மந்திரம் அல்ல இது. செவிலியர், ஆசிரியர் போன்றவர்களுக்கு இது தொழிற்கருவி.

இன்னொரு ஆய்வை நம் வாசகர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இஸ்ரேல் நாட்டில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 மருத்துவக் குழுக்களை வைத்து அரீ ரிஸ்கின் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்து 2015இல் வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை திடீரென மோசமாவதுபோல் பயிற்சிக்காக ஒரு சூழலை அமைத்தார்கள். சில குழுக்களிடம் மட்டும், வெளியிலிருந்து வந்த நிபுணர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஒருவர் மரியாதைக் குறைவாக ஓரிரு வார்த்தை பேசினார். அந்தப் பேச்சைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனதே முக்கியக் காரணம். 2017இல் வெளிவந்த அடுத்த சோதனையில், கடுமையாகப் பேசியவர் குழந்தையின் தாயாக நடித்தவர். விளைவு அப்போதும் கெடுதலே.

ஆகவே செவிலியரின் மனநிலை அவருடைய சொந்த விஷயம் மட்டுமல்ல. அவரிடம் நாம் பேசும் பேச்சு, நம் வீட்டு நோயாளியின் சிகிச்சையையே தொடக்கூடும்.

பெங்களூரில் கூடுதலாக ஒரு பாடம்

பிற மொழி பேசும் ஊரில் வேலை செய்பவர்களுக்கு மேலும் ஒரு சுமை உண்டு. வலியை மனிதர்கள் தாய்மொழியில்தான் சொல்வார்கள். நம் பெண்கள் கவனிக்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் கன்னடம் பேசுபவர்கள். கன்னடமும் தமிழும் அக்கா தங்கை என்பதால் பல சொற்கள் கைகொடுக்கும். அவர்களும் வலியை “நோவு” என்பார்கள். நம் பாட்டிமார் சொன்ன அதே நோவு. ஆனால் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களே காலை வாரிவிடுவதும் உண்டு.

“பேஜாரு” என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் தமிழில் பேஜார் என்றால் தொல்லை. கன்னடத்துப் பாட்டி “பேஜாரு” என்றால் மனவருத்தம், சலிப்பு என்று பொருள். இவள் நம்மைத் தொல்லை என்கிறாள் என்று புதிதாக வேலைக்கு வந்த தமிழ்ப் பெண் முகம் சுளித்தால், பாட்டியின் துக்கம் இரட்டிப்பாகும். “சங்கட” என்பதும் அப்படியே. நமக்குச் சங்கடம் என்றால் தர்மசங்கடம். அவர்கள் உடலும் மனமும் படும் வேதனையையும் அந்தச் சொல்லால் சொல்வார்கள். இதை அறியாதவர் நோயாளி வெட்கப்படுவதாக நினைத்து நகர்ந்துவிடுவார்.

என் மாணவியருக்கு நான் முதல் மாதத்திலேயே சொல்லித் தந்தது, வலியைப் பற்றிய கன்னடச் சொற்களையும், வயதுக்கேற்ற விளிகளையும்தான். முதியவளை “அஜ்ஜி” என்று அழைப்பதும், யாராயினும் “நீனு” என்னாமல் “நீவு” என்று மரியாதையாகப் பேசுவதும் பாதி மருந்து. வகுப்பறையிலும் அப்படியே. வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதோ பேசிவிட்டு வரும் குழந்தை பள்ளியில் ஊமைபோல் உட்கார்ந்திருந்தால், அது மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அதற்கு வாய் திறக்க மொழி இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆசிரியையே உணர்வுத் திறன் உள்ள ஆசிரியை. புலம்பெயர்ந்து வந்த நம் குழந்தைகள் பலரை அப்படி ஒரு டீச்சர்தான் கரைசேர்த்திருப்பார்.

முகத்தை மாற்றுவதும் மனத்தை மாற்றுவதும்

இந்தத் திறனுக்கு விலை உண்டு என்றேன் அல்லவா? அதை முதலில் விரிவாக எழுதியவர் ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியல் பேராசிரியை. 1983இல் வெளிவந்த தம் நூலில் அவர் விமானப் பணிப்பெண்களையும், கடன் பாக்கி வசூலிப்பவர்களையும் ஆராய்ந்தார். முன்னவர் எப்போதும் சிரிக்க வேண்டும், பின்னவர் எப்போதும் முறைக்க வேண்டும். இருவரும் சம்பளத்துக்காகத் தம் உணர்வை வேலைக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்கிறார்கள். இதுவும் ஓர் உழைப்பே என்றார் அவர். ஓர் ஆசிரியை ஒரே மணி நேரத்தில் சிரிக்கவும் முறைக்கவும் வேண்டியிருக்கிறது என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இந்த உழைப்பில் இரண்டு வகை. ஒன்று, உள்ளே எரிச்சல் இருக்க முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டவைப்பது. மற்றது, எதிரில் இருப்பவரின் நிலையை மனத்தில் கொண்டுவந்து, எரிச்சலையே தணித்துக்கொள்வது. “இவருக்கு இன்று மூன்றாம் முறையாக ரத்தப் பரிசோதனை, நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன்” என்று நினைத்துப் பார்க்கும்போது முகம் தானாகவே இளகும். முப்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் ஊட்டே ஹூல்ஷெகரும் அன்னா ஷேவேயும் வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் வகை நடிப்பு செய்பவரின் நலத்தைக் கெடுக்கிறது. இரண்டாவது வகை வேலைத் தரம் உயர்வதோடு சேர்ந்து காணப்படுகிறது.

இரண்டும் செய்ய வலுவில்லாதபோது மனிதர்கள் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடிக்கிறார்கள். உணர்வையே அடைத்துவிடுவது. லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனையை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் 1960 வாக்கில் இதை எழுதினார். அங்கே நோயாளிகளைப் பெயர் சொல்லாமல், “பத்தாம் கட்டில் ஈரல்” என்பதுபோல் கட்டில் எண்ணாலும் உறுப்பாலும் குறிப்பிட்டார்கள். ஒரே நோயாளியுடன் ஒரு செவிலியர் அதிக நேரம் பழகாதபடி வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். துயரம் தாக்காமலிருக்க இப்படி ஓர் அரண். பலன் என்ன? பயிற்சிக்கு வந்த மாணவியரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமல் விலகினார்கள். நோயாளியிடமிருந்து விலகி நிற்பதால் துயரம் குறையவில்லை. இந்த வேலைக்கு வரத் தூண்டிய நிறைவுதான் குறைந்தது.

இந்த நிலை முற்றினால் வருவதை ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறார்கள். எண்ணெய் வற்றி எரிந்து போன திரி என்று வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். மனம் முழுதும் வற்றிப்போதல், மனிதரைப் பொருளாகப் பார்க்கத் தொடங்குதல், நான் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் புதிய பதிப்பில் இதைச் சேர்த்தது. நோய் என்று அல்ல, வேலை காரணமாக விளையும் நிலை என்று. இந்த வேறுபாடு முக்கியமானது. பழுது ஆளிடம் மட்டும் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்திலும் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

இதைக் கற்றுத் தர முடியுமா?

முடியும் என்பதற்கு நம் நகரிலேயே சான்று இருக்கிறது. ஓசூர் சாலை வழியாகப் போகும்போதெல்லாம் நாம் பார்க்கும் நிம்ஹான்ஸ் நிறுவனம், 1954இல் அகில இந்திய மனநலக் கழகமாக இருந்து, 1974இல் இன்றைய பெயரைப் பெற்றது. அங்கே 1956லேயே செவிலியருக்கு மனநலச் செவிலியத்தில் ஓராண்டுப் பயிற்சி தொடங்கப்பட்டது. கத்துபவரிடம் கத்தாமல் நிற்பது எப்படி, அழுபவரின் அருகில் பேசாமல் உட்காருவது எப்படி என்பவை குணத்தால் மட்டும் வருபவை என்று விட்டுவிடாமல், பாடமாக வைத்துப் பழக்கலாம் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம்.

பள்ளிகளுக்கும் அந்நிறுவனம் ஒரு வழி காட்டியது. 1990களில் உலகச் சுகாதார நிறுவனம் பத்து வாழ்க்கைத் திறன்களைப் பட்டியலிட்டது. பிறர் நிலையை உணர்தல், மன அழுத்தத்தைத் தாங்குதல், உணர்ச்சிகளைக் கையாளுதல் ஆகியவை அதில் உண்டு. நிம்ஹான்ஸ் நிபுணர்கள் இவற்றை வளரிளம் பருவத்து மாணவர்களுக்குப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே கற்பிக்கும் திட்டம் வகுத்தார்கள். ஸ்ரீகலா பரத், கிஷோர் குமார் ஆகியோர் 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில், திட்டம் நடந்த இரு பள்ளிகளின் 605 மாணவர்களை, திட்டம் இல்லாத பள்ளிகளின் 423 மாணவர்களுடன் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் முதல் பிரிவினரிடம் தன்மதிப்பும், சிக்கலைச் சமாளிக்கும் திறனும், பள்ளியோடும் ஆசிரியரோடும் இணங்கிப் போகும் தன்மையும் கூடியிருந்தன. ஆனால் வீட்டோடு இணங்கிப் போவதில் வேறுபாடு தெரியவில்லை.

இந்தக் கடைசிச் செய்தி பெற்றோராகிய நமக்கு. பள்ளியில் ஆசிரியை எவ்வளவு கற்றுத் தந்தாலும், வீட்டுப் பாடத்தை வீட்டார்தான் நடத்த வேண்டும்.

திறன் மட்டும் போதுமா?

போதாது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நிர்வாகங்களுக்கு வசதியாகப் போய்விடும். ஆள் பற்றாக்குறையை மூடி மறைத்துவிட்டு, “புன்னகையுடன் பணிபுரிவது எப்படி?” என்று அரைநாள் வகுப்பு எடுத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். கலந்துகொண்டவர்கள் அன்றிரவும் டியூட்டிக்குப் போனார்கள், அதே எண்ணிக்கையில்.

போதனா மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியரும், மற்றப் பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு ஒருவரும் என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அதே சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. இரண்டு விதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரம்பை வாங்கிக்கொண்டால் அதன் இடத்தில் நேரத்தையும் பயிற்சியையும் தர வேண்டும். அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்துவிட்டு ஆசிரியையிடம் பொறுமையை மட்டும் கேட்பது நியாயமாகாது.

ஊதியமும் அப்படித்தான். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு 2016இல் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது கைக்கு வந்த சம்பளம் ஆகாது. உங்கள் வீட்டுப் பெண் வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு, ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகள், மாதத்தில் எத்தனை நைட் டியூட்டி என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

சொந்த ஊராக இருந்தால் ஓர் அத்தையோ சித்தியோ அடுத்த தெருவில் இருப்பார். இங்கே இரண்டு அறை வீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும். வேலையில் கொட்டியது போக மிச்சம் இருக்கும் பொறுமைதான் வீட்டுக்கு வந்து சேரும். ஆகவே சில யோசனைகள்.

டியூட்டி முடிந்து வந்தவருக்கு முதல் அரைமணி நேரம் எந்தக் கணக்கும் வழக்கும் வேண்டாம். ஒரு டம்ளர் காபியும் அமைதியும் போதும். நைட் டியூட்டி செய்தவர் பகலில் தூங்குவது சோம்பல் அல்ல, அது அவருடைய இரவு. அந்த நேரத்தில் அழைப்பு மணியையும் தொலைக்காட்சியையும் அடக்கி வையுங்கள். “இன்று என்ன நடந்தது?” என்று கேட்டால் பதிலை முழுவதும் கேளுங்கள். உடனே தீர்வு சொல்லத் தேவையில்லை. விடைத்தாள் கட்டோடு வீட்டுக்கு வரும் ஆசிரியைக்கு அன்றைய சமையலை மற்றவர் ஏற்றுக்கொண்டால், அதுவும் கல்விப் பணிதான்.

ஒரு நோயாளி இறந்த நாளையும், ஒரு பிள்ளை அடிபட்டு வந்த நாளையும் வேறு நாட்களைப்போல் நடத்தாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, வேலையை நினைத்தாலே வெறுப்பு என்று நீடித்தால், அதைக் குணக்கேடு என்று எண்ணாமல் உதவி தேடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இதை நாடு முழுவதும் வழிநடத்தும் தலைமை நிலையம் நம் நிம்ஹான்ஸ்தான். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

வார்டில் நம் உறவினருக்காக நிற்கும்போதும், பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போதும் எதிரில் இருப்பவர் காலையிலிருந்து எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். மரியாதையோடு சொன்னால் அது காதில் ஏறும், வேலையும் கெடாது. அடுத்த முறை உங்கள் மகளையோ மருமகளையோ “பொறுமைசாலி” என்று புகழ நேர்ந்தால், “அவள் தன் தொழிலில் கைதேர்ந்தவள்” என்று சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதான். கேட்பவர் முகத்தில் அன்றைய களைப்பு சற்றே குறைவதையும் காண்பீர்கள்.